ரேடியோ ரூமும் இரண்டு குச்சிகளும்

14-11-2006, செவ்வாய்

மகன் பழனிக்குமாருக்கு உரக்கடையில் கொடுத்த டைரி பத்து மாசமாகச் சும்மா கிடந்தது. மருமகள் சண்முகவள்ளி அதைத் துடைத்து எடுத்து வந்து, சொல்லுங்க மாமா எழுதுறேன் என்று உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எழுத்து வாசனை கிடையாது. அவள் பன்னிரண்டாவது வரை படித்தவள். நான் கோணலாகச் சொன்னாலும் அவள் கையில் நேராகிவிடும்.

இன்று ரேடியோ ரூமை ஒரு வேலைக்காகத் திறந்தோம். எண்பத்தாறு ஆடியில் பஞ்சாயத்து ரேடியோ நின்றது. அதற்குப் பிறகு கூட்டிப் பெருக்கத்தான் திறந்திருக்கிறேன். சாவி, ரேடியோ போடுகிற வேலைக்கு நான் வந்த ஐம்பத்தெட்டிலிருந்து என் அரைஞாண் கயிற்றில்தான் இருக்கிறது.

திண்டுக்கல் ரோட்டில் இருக்கிற இன்ஜினியரிங் காலேஜிலிருந்து அங்கே வேலை பார்க்கிற ஆனந்த்ராஜ் என்கிற பையன் டி.வி.எஸ். வண்டியில் வந்தான். டிபன் டப்பா அளவில் ஓர் இரும்புப் பெட்டி கொண்டுவந்தான். விசிறி இல்லை, சத்தம் இல்லை. இதுதான் கம்ப்யூட்டராம். அதோடு விரல் நீளத்தில் ஒரு குச்சி. காலேஜில் இருக்கிற கோபுரத்திலிருந்து சேதி கம்பியில்லாமல் காற்றில் வந்து இந்தக் குச்சியில் இறங்கும், குச்சி பெட்டிக்குச் சொல்லும். திண்டுக்கல் மார்க்கெட்டில் அன்றன்றைக்குப் பூ என்ன விலை, தக்காளி என்ன விலை, மழை உண்டா என்பதெல்லாம் வரும். அதைக் கூம்பு ஸ்பீக்கரில் ஊருக்குச் சொல்ல வேண்டும்.

காற்றைக் கூட்டிப் பிடிக்க ஒரு கம்பிச் சல்லடை வேண்டும் என்றான். சண்முகவள்ளியின் மாவுச் சல்லடை போயிற்று. நடுவில் குச்சியைச் செருகி, மொட்டைமாடியில் கிழக்கே காலேஜைப் பார்த்துக் கட்டினான். சாயங்காலம் ஆறுக்கு மல்லிகை விலை சொன்னான். கூம்பிலிருந்து சத்தம் வந்ததும் ரூம் சுவரைத் தடவிக்கொடுத்தேன். தடவியதை எழுத வேண்டாம் என்றால் இவள் எழுதுகிறாள்.

குச்சி இரண்டு கொடுத்திருக்கிறான். ஒன்று போனால் இன்னொன்று.

15-11-2006, புதன்

பஞ்சாயத்துத் தலைவர் ஜக்கம்மாள் வந்து பார்த்தாள். முறைக்கு எனக்கு மகள். ரூமை இடித்துத் தண்ணீர்த் தொட்டி கட்ட எல்லாம் முடிவாகியிருந்ததாம். "பொங்கலுக்குள்ள இது ஒழுங்காப் பேசிருச்சுன்னா ரூம் இருந்துட்டுப் போகட்டும் சித்தப்பா. இல்லேன்னா தொட்டிதான். அப்புறம் என்னயக் கோவிக்கக் கூடாது" என்றாள்.

நான் ஏன் கோபிக்கப்போகிறேன். பேசும்.

17-11-2006, வெள்ளி

பேசவில்லை.

18-11-2006, சனி

நேற்று ஆனந்த்ராஜ் பகல் முழுக்க உட்கார்ந்தான். கூடவே ஒரு சின்ன டி.வி. மாதிரித் திரை. கறுப்பில் வெள்ளை எழுத்து ஓடுகிறது. அவன் பின்னால் ஸ்டூலில் நான். என்ன கோளாறு என்று கேட்டேன். குச்சிக்கு ஒரு பாஷை, பெட்டிக்கு ஒரு பாஷையாம். நடுவில் இருந்து எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அதற்கு டிரைவர் என்று பேர். அந்த ஆள் முந்தாநாள் வரை இருந்தான், இப்போது குச்சியை எனக்குத் தெரியாது என்கிறானாம்.

எங்கள் காலத்து ரேடியோ செட்டுக்கு இந்த வம்பே இல்லை. குமிழைத் திருப்பினால் முள் நகரும். அதன் முகப்பில் இருந்த எண்களைப் பார்த்துத்தான் எண் படித்தேன். மெட்ராஸ் இந்த எண்ணில், திருச்சி இந்த எண்ணில், சிலோன் இந்த எண்ணில் என்று. எழுத்துத்தான் தெரியாது, எண் தெரியும். எங்கே எண்ணைக் கண்டாலும் மனசில் ஒட்டிக்கொள்ளும். இந்தத் திரையிலும் ஆனந்த்ராஜ் எதையோ அடித்ததும் ஒரு வரி வருகிறது, அதன் கடைசியில் எண்.

22-11-2006, புதன்

பேசியது! பழைய டிரைவரை அழித்துவிட்டுப் புதுசு ஏற்றியிருக்கிறான். ஆறு மணிக்கு வாசலில் நாற்பது பேர். பெரியகருப்பன்கூட வந்தான். என் வயசுக்காரன், எதையும் நம்பாதவன். செவந்தி விலையைக் கேட்டுவிட்டு, நேத்து தரகன் சொன்னது வேற விலையாச்சேடா என்று துண்டை உதறித் தோளில் போட்டான்.

வழக்கம்போல இருட்டும் முன் ஒன்பது படி ஏறி, குச்சியைக் கழற்றி, மற்றதோடு சேர்த்து மஞ்சப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். செட்டு ஓட்டின காலத்துப் பழக்கம். அப்போது ஊருக்குக் கரண்டு இல்லை, ரேடியோ பேட்டரியில் ஓடியது. ராத்திரி பேட்டரியை ரூமில் விட்டால் எவனாவது பூட்டைத் திறந்து பாட்டுப் போட்டுத் தீர்த்துவிடுவான். நிறுத்தியதும் கழற்றுவது, தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவது, மறுநாள் கொண்டுவந்து மாட்டுவது. பத்து வருசம். இந்தக் குச்சிக்குப் பனி வேறு ஆகாது.

23-11-2006, வியாழன்

காலையில் மாட்டிவைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் வாத்தியார் ஒருத்தர் வந்து விலை படிப்பதாக இருந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. அறுபது பேர் திரும்பிப் போனார்கள்.

28-11-2006, செவ்வாய்

பேசவில்லை. ஆனந்த்ராஜ் புது டிரைவரை மூன்று தடவை ஏற்றினான். டீக்கடையில் பெரியகருப்பன், "ஏப்பா தங்கமுத்து, டிரைவரு வண்டிய விட்டு இறங்கி ஓடிட்டானாமே" என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

3-12-2006, ஞாயிறு

இன்று வேலை இல்லை. பழசு சொல்கிறேன்.

ஆறு மணிக்கு செட்டைப் போட்டால் முதலில் ஒரு கன்றுக்குட்டி வரும். யார் வீட்டுக் கன்று என்று இப்போதும் சொல்வேன், ஆண்டிச்சாமி வீட்டுச் செவலை. கூம்புக்கு நேர் கீழே நிற்கும், சேதி முடியும்வரை அசைபோடாது. அடுத்து ஆண்டிச்சாமி. மாட்டைத் தேடி வருவதாகத்தான் பேர். சேதி படிக்கிறவர் வணக்கம் சொன்னதும் இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, கூம்பைப் பார்த்து, "வணக்கமுங்க" என்பான். சின்னப்பிள்ளைகள் சிரிப்பார்கள். சொல்றவருக்குக் கேக்காதுண்ணே என்று நான் ஒருநாள் சொன்னேன். "கேக்காட்டி என்ன, நமக்குக் கேட்டுச்சுல்ல" என்றான்.

அந்தக் கன்று வளர்ந்து, கைமாறி, போய்ச் சேர்ந்தது. ஆண்டிச்சாமியும் போய்விட்டான். சிறுமலைப் பக்கம் மேகம் இறங்கும்போது அவன் துண்டைப் பிடித்து நின்ற இடம் எனக்குக் கண்ணில் தெரியும்.

9-12-2006, சனி

பேசியது. வேறு வழி தெரியாமல் முதன்முதல் போட்ட பழைய டிரைவரையே திரும்பப் போட்டானாம். ஏன் பேசியது என்று அவனுக்கே தெரியவில்லை. "அதான் தாத்தா பயமா இருக்கு" என்றான். கெட்டால் காரணம் தேடலாம், காரணமில்லாமல் நன்றாக ஓடினால் எதைப் பிடித்துக்கொள்வது என்கிறான். சரியான பேச்சு.

11-12-2006, திங்கள்

பேசவில்லை.

16-12-2006, சனி

மார்கழி பிறந்துவிட்டது. படியில் பனி. ஏறும்போது வழுக்கியது. சண்முகவள்ளி சத்தம் போட்டாள். எழுபத்திரண்டு வயசில் எதுக்கு மாமா படி ஏறுறீங்க என்று. குச்சி பனியில் நனைந்தால் யார் பதில் சொல்வது?

மார்கழி என்றால் என் வீட்டுக்காரி சோலையம்மாள் நினைப்பு வந்துவிடுகிறது. அறுபத்தைந்தாம் வருசம். எனக்கு நாலு நாள் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. சண்டை நின்று சமாதானப் பேச்சுச் சேதி வருகிற நேரம், செட்டை நிறுத்திவைக்க முடியாது. சோலையம்மாள்தான் போய்ப் போட்டாள். நான் சொல்லிக்கொடுத்ததில்லை, பார்த்தே படித்திருக்கிறாள். எட்டரை மணிக்கு நிறுத்திவிட்டு, தூறல் போட்டதால் பேட்டரியை முந்தியில் சுற்றி இடுப்பில் வைத்துத் தெருவோடு வந்திருக்கிறாள். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருசம், பிள்ளை இல்லை. லாந்தர் வெளிச்சத்தில் தூரத்திலிருந்து பார்த்தவர்கள், யார் பிள்ளையத் தூக்கிட்டு வாரே சோலை என்று கேட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். அழவில்லை. "கனம் சரியா இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான்.

பழனிக்குமார் பிறந்தது அறுபத்தேழில்.

2-1-2007, செவ்வாய்

பேசவில்லை. பழைய டைரியில் பக்கம் தீர்ந்து, இது கோடு போட்ட நோட்டு.

காலேஜில் பேராசிரியர் ஆனந்த்ராஜைக் கூப்பிட்டுக் கடிந்திருக்கிறார். மூன்று ஊரில் வைத்த பெட்டியில் இரண்டு ஒழுங்காக ஓடுகிறது, இது மட்டும் ஏன் என்று. வருகிற திங்கட்கிழமை வந்து பெட்டியைக் கழற்றி வேறு ஊருக்குக் கொடுத்துவிடப்போகிறார். பையனுக்கும் அத்தோடு வேலை முடிந்ததாம். ஜக்கம்மாள் தொட்டிக்கு அளவு எடுக்க ஆள் சொல்லிவிட்டாள்.

5-1-2007, வெள்ளி

ஆனந்த்ராஜ் இன்று எதையும் தொடவில்லை. படியில் உட்கார்ந்திருந்தான். சோறு கொண்டுபோனேன், வெஞ்சனத்தை மட்டும் கிளறிவிட்டு மூடிவைத்தான். பிறகு விளையாட்டாகத்தான் கேட்டான், உங்களுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே தாத்தா, எந்தெந்த நாள் பேசுச்சு சொல்லுங்க பார்ப்போம் என்று.

சொன்னேன். தேதியை மட்டும் சொல்லவில்லை, திரையில் அந்த வரியின் கடைசியில் நின்ற எண்ணையும் சொன்னேன். நவம்பர் பதினாலு, எழுபது, பேசியது. பதினேழு, எழுபத்து மூன்று, பேசவில்லை. இருபத்திரண்டு, எழுபத்து மூன்று, புது டிரைவர், பேசியது. இருபத்தெட்டு, எழுபது, பேசவில்லை. டிசம்பர் ஒன்பது, எழுபது, பழைய டிரைவர், பேசியது. பதினொன்று, எழுபத்து மூன்று, பேசவில்லை. செவ்வாய்க்கிழமையும் அதே.

பஸ் டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொண்டே வந்தவன் பேனாவை நிறுத்தினான்.

"எண் மாறுச்சா?"

"மாறுச்சே. நீ பாக்கலையா?"

"நான் முன்னால இருக்கிற எழுத்தத்தான் பாத்தேன். எண் மாறாது தாத்தா. அது ஆளுக்குக் கைரேகை மாதிரி. ஒரு குச்சிக்கு ஒரு எண்தான்." டிக்கெட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "விடுங்க. உங்களுக்கும் வயசாச்சு. எழுபதும் எழுபத்து மூணும் கலங்கியிருக்கும்."

கலங்கியிருக்குமா? எனக்கா?

அவன் வண்டியை உதைக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. கூப்பிட்டு நிறுத்தவில்லை.

6-1-2007, சனி

இரண்டு குச்சியையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நிறம் ஒன்று, நீளம் ஒன்று. சண்முகவள்ளியைப் படிக்கச் சொன்னேன். ரெண்டுலயும் ஒரே பேருதான் மாமா என்றாள். திருப்பிப் பார்த்துவிட்டு, இதுல மட்டும் ஓரத்துல பொடியா ஒரு எழுத்து கூட இருக்கு என்றாள்.

ராத்திரி இரண்டும் பையில். காலையில் கைக்கு எது வந்ததோ அது. இன்றைக்கு இவன், நாளைக்கு அவன். பாவம், அந்தப் பையன் ஒருத்தனுக்குப் பாஷை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவான், நான் மறுநாள் இன்னொருத்தனைக் கொண்டுபோய் நிறுத்துவேன். இரண்டு மாசம்.

எண் கலங்கவில்லை. கலங்கவில்லை என்று சொல்ல வேண்டுமானால் குச்சிகளைக் கலைத்துப் போட்டது நான்தான் என்றும் சொல்லியாக வேண்டும். ஊரில் யாருக்கு எந்த நாளில் என்ன நடந்தது என்று என்னிடம்தான் வந்து கேட்பார்கள். இனிமேல் எவன் கேட்பான்? கிழவனுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு என்றல்லவா பேசுவான்கள். ஒண்ணும் சொல்லாம இருந்தா திங்கக்கெழம பெட்டி போயிரும், ரூமு போயிரும், எம் பேரு இருக்கும். பேர வச்சு நான் என்ன செய்ய?

வள்ளி, இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள் போலிருக்கிறது.

7-1-2007, ஞாயிறு

ஆனந்த்ராஜ் கோவிலுக்குப் போகிற நாள், வரமாட்டான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

8-1-2007, திங்கள்

பத்து மணிக்குப் பேராசிரியர் வந்தார். ஜக்கம்மாள், அளவு எடுக்கிறவன், வேடிக்கை பார்க்கப் பெரியகருப்பன், இன்னும் பத்துப் பேர். ஆனந்த்ராஜ் வயர்களைச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தான். பேராசிரியர் அவனைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது: தெரியலன்னா தெரியலன்னு முதல்லயே சொல்லியிருக்கணும்.

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. மஞ்சப்பையை மேஜைமேல் கவிழ்த்தேன்.

"அந்தத் தம்பிமேல தப்பில்லய்யா. நாந்தான். நெதம் சாயங்காலம் இதக் கழத்தி வீட்டுக்குக் கொண்டுபோயிருவேன். காலைல எது கைக்கு வருதோ அதச் சொருகுவேன். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சேன். ரெண்டும் ஒண்ணு இல்ல. ஒண்ணு எழுபது, ஒண்ணு எழுபத்து மூணு."

எதுக்கு சித்தப்பா வீட்டுக்குக் கொண்டுபோனீக என்று ஜக்கம்மாள் கேட்டாள். பேட்டரி என்றேன். என் வயசுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டினார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பேராசிரியர் இரண்டு குச்சியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கம்பெனிக்காரன் பேரை மாற்றாமல் உள்ளே இருக்கிற சிப்பை மாற்றியிருக்கிறான், இதுக்கு ஒரு டிரைவர், அதுக்கு ஒரு டிரைவர் என்றார். பிறகு ஆனந்த்ராஜிடம், நாமும் குச்சிமேல போட்டிருக்கிற பேரப் படிச்சுட்டு விட்டுட்டோம்பா என்றார். நாமும் என்றார். அதை நான் கவனித்தேன்.

ஆனந்த்ராஜ் ஒரு குச்சியைச் செருகினான். எழுபது. அதற்குண்டானதை ஏற்றினான். பேசியது. கழற்றி மற்றதைச் செருகினான். எழுபத்து மூன்று. அதற்குண்டானதை ஏற்றினான். அதுவும் பேசியது. அளவு எடுக்கிறவன் நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பையன் என்னைப் பார்க்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

9-1-2007, செவ்வாய்

டீக்கடைக்குப் போகவில்லை.

10-1-2007, புதன்

ஆனந்த்ராஜ் வந்தான். நேரே வீட்டுக்கு. வாசலில் நின்றுகொண்டு, "ரெண்டு மாசம் தாத்தா. ரெண்டு மாசம் நான் தூங்கல" என்றான். தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே வந்து உட்கார்ந்தான். சட்டைப்பையிலிருந்து அந்த பஸ் டிக்கெட்டை எடுத்தான்.

"நம்ம பெட்டி அன்னன்னைக்கு நடந்ததக் குறிச்சு வச்சிருக்கும். காலேஜ்லருந்தே எடுத்துப் பாத்தேன். நீங்க சொன்ன ஏழு நாளும் சரி. ஒரு எண் பிசகல."

சண்முகவள்ளி காப்பி போட்டுக் கொடுத்தாள். இன்று குடித்தான்.

எழுபத்து மூன்றைக் காலேஜுக்குக் கொண்டுபோய்விட்டான். இங்கே ஒன்றுதான்.

14-1-2007, போகி

அஞ்சு நாளாகத் தவறாமல் பேசுகிறது. ரூமுக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. ஜக்கம்மாள்தான் சுண்ணாம்பு கொடுத்தாள்.

ஒரு சிக்கல். ஆனந்த்ராஜுக்குக் காலேஜிலேயே வேலை தொடர்கிறது, ஆனால் தினமும் வரமாட்டான். திரையில் வருவது எழுத்து. விலையை நான் சொல்லிவிடுவேன், அது எந்தப் பூவின் விலை என்று எனக்குப் படிக்கத் தெரியாது. யாராவது படித்தவர்கள் வேண்டும் என்று ஜக்கம்மாள் என்னைப் பார்த்தாள். நான் வேறு யாரையும் பார்க்கவில்லை. அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்க்கப் போனேன், முடிச்சு விழுந்து ஐம்பது வருசமாயிற்றே, அவிழவில்லை. கயிற்றை அறுத்துத்தான் எடுத்து வள்ளியிடம் கொடுத்தேன்.

எழுதும்மா. உன்னைப் பற்றித்தான், இருந்தாலும் எழுது.

2-2-2007, வெள்ளி

இந்த நோட்டில் எழுத இப்போதெல்லாம் இவளுக்கு நேரம் இருப்பதில்லை. ஐந்தரைக்கே தலைவாரிக்கொண்டு ரூமுக்குக் கிளம்பிவிடுகிறாள்.

இன்று நானும் போய் கூம்புக்குக் கீழே நின்றேன். சரியாக ஆறுக்கு, "அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல் மார்க்கெட்டில் இன்று" என்று ஆரம்பித்தாள். வீட்டில் பேசுகிற குரலே இல்லை. பெரியகருப்பன் பக்கத்தில் நின்றான். இரண்டு கையையும் பாதி தூக்கியவன், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு மூக்கைச் சொறிந்துகொண்டான்.

நான் அவளுக்கு முன்னமே வீட்டுக்கு வந்துவிட்டேன். இருட்டின பிறகு தெருக்கோடியில் இவள் வருவது தெரிந்தது. முந்தியைச் சுருட்டி இடுப்போடு பிடித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்தாள்.

முந்தியில என்னம்மா என்று கேட்டேன்.

"குச்சிதான் மாமா. பனி விழுகுது. நனைய விட மனசில்ல."

ஒன்றுதானே இருக்கிறது, கொண்டுவந்தால் குற்றமில்லை. கனமா இருக்கா என்று கேட்டேன்.

"விரல் நீளம்தான மாமா. இதுல என்ன கனம் இருக்கப்போகுது" என்றாள்.